இருக்கும் பாதுகாப்பு அமைப்பின் முழுப் பயனைப் பெறுவது எப்படி?

நிர்வாகப்பணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மூன்று தளங்களும் ஏறத்தாழ முந்நூறு பணியாளர்களும் கொண்ட ஓர் அலுவலகத்தின் நிர்வாகப் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. 22 கதவுகளில் கார்டு ரீடர்கள், 48 கேமராக்கள், இரவில் இயங்கும் ஊடுருவல் அலாரம் ஆகியவை அடங்கிய பாதுகாப்பு அமைப்பும் அதனுடன் சேர்ந்தே வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு நிறுவப்பட்ட இந்த அமைப்புக்கு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தி வருகிறோம். ஆனால் இதனால் அலுவலகத்துக்கு என்ன கிடைத்தது என்று மேலாண்மைக் குழு கேட்டபோது, என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வி எழக் காரணம் ஒரு திருட்டு. இரண்டாம் தளத்தில் இருந்த இரண்டு மடிக்கணினிகள் காணாமற்போயின. அவற்றைப் பயன்படுத்துவோர் விடுப்பில் இருந்ததால், இழப்பு 19 நாட்கள் கழித்தே தெரியவந்தது. கேமராப் பதிவுகளைத் தேடினோம், 30 நாள் சேமிப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தும், அந்த நாளின் பதிவு அழிந்துபோயிருந்தது. கதவுகளின் நிகழ்வுப் பதிவில் மட்டும் ஒரு தடயம் இருந்தது. அன்றிரவு பக்கவாட்டுக் கதவு வலுக்கட்டாயமாகத் திறக்கப்பட்டதாக எச்சரிக்கை பதிவாகியிருந்தது. ஆனால் அந்த ஒரே வாரத்தில் இதே எச்சரிக்கை நானூறு தடவைக்கு மேல் வந்திருந்ததால், அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இப்போது ஒப்பந்ததாரர் முழு அமைப்பையும் மாற்றி, முகத்தை அடையாளம் காணும் புதிய அமைப்பை நிறுவலாம் என்று பரிந்துரைக்கிறார். புதியதை வாங்குவதற்கு முன்பு, இருப்பதை உரிய முறையில் பயன்படுத்தினோமா என்பதை அறிய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்? இத்துறையில் பணிபுரிவோர் வழிகாட்டினால் மிகவும் உதவியாக இருக்கும்.

கதவுப்பொறியாளர் (மறுமொழி):

புதிய அமைப்பை வாங்கும் முடிவைத் தள்ளிவையுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். நீங்கள் விவரித்தவற்றைப் படித்தால், உங்கள் அமைப்பு அந்த இரவில் தன் வேலையைச் செய்திருக்கிறது. கதவு திறக்கப்பட்டதைச் சொல்லியிருக்கிறது. அது சொன்னதை நம்புவதற்கு யாருக்கும் காரணம் இல்லாமற்போனதுதான் குறை. எவ்வளவு விலை கொடுத்துப் புதிதாக வாங்கினாலும், அதே கதவுகளும் அதே பழக்கங்களும் தொடர்ந்தால் நானூறு பொய் எச்சரிக்கைகளும் தொடரும்.

அந்த நானூறு எப்படி வருகின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைச் சரிசெய்வதால் கிடைக்கும் பயன் வேறெதிலும் கிடைக்காது. கதவின் மேற்சட்டத்தில் ஒரு காந்த உணரி இருக்கும்; கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை அது, கதவுகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான கண்ட்ரோலருக்குச் சொல்லும். வெளியிலிருந்து ஒருவர் கார்டைக் காட்டினால், அந்தக் கதவு திறக்கப்போகிறது என்று கண்ட்ரோலருக்கு முன்கூட்டியே தெரியும். உள்ளிருந்து வெளியேறுபவர் கார்டைக் காட்டுவதில்லை. கைப்பிடியைத் திருப்பிவிட்டுப் போகிறார். அவர் முறையாக வெளியேறுகிறார் என்பதைக் கண்ட்ரோலருக்குத் தெரிவிக்க, கதவின் உட்புறத்தில் வெளியேறும் பொத்தானோ, ஆளின் அசைவை உணரும் சிறு உணரியோ பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அந்த உணரி திசை மாறியிருந்தாலும், கம்பி இணைக்கப்படாமல் விடப்பட்டிருந்தாலும், அது தரும் கால அவகாசம் இரண்டு மூன்று நொடிகளாகக் குறைக்கப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு முறையான வெளியேற்றமும் வலுக்கட்டாயத் திறப்பாகவே பதிவாகும். தேநீர் நேரத்தில் இருபது பேர் அந்தக் கதவைத் தாண்டினால் இருபது எச்சரிக்கைகள் வந்துவிடும். உங்கள் பக்கவாட்டுக் கதவில் இதுதான் நடக்கிறது என்று நான் பெரும்பாலும் உறுதியாகவே நம்புகிறேன்.

கதவு நெடுநேரம் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை வேறு வகை. அதற்கு மென்பொருளைவிடக் கதவே காரணமாக இருக்கும். கதவை இழுத்து மூடும் குளோசரில் எண்ணெய் கசிந்திருக்கலாம். கீல் தாழ்ந்து கதவின் அடிப்பகுதி தரையில் உரசலாம். குளிர்சாதனக் காற்றின் அழுத்தம் கதவை முழுவதும் மூடவிடாமல் ஒரு விரற்கடை இடைவெளியில் நிறுத்தலாம். பாதுகாப்பு மென்பொருளைப் பராமரிக்கும் நிறுவனம் குளோசரைத் தொடாது. தச்சரோ கட்டடப் பராமரிப்பாளரோ எச்சரிக்கைப் பட்டியலைப் பார்க்கமாட்டார். இந்த இரு தரப்புக்கும் நடுவில்தான் பெரும்பாலான அலுவலகங்களின் பாதுகாப்பு தொலைந்துபோகிறது. ஆகவே கடந்த 30 நாட்களின் எச்சரிக்கைகளைக் கதவுவாரியாகத் தொகுத்து, அதிகம் குரல் கொடுக்கும் கதவிலிருந்து தொடங்குங்கள். அந்தக் கதவின் முன்னால் நீங்களே ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். திரையைப் பார்த்துத் தெரியாதது அங்கே நிற்கும்போது தெரிந்துவிடும். மூன்று நான்கு கதவுகளைச் சரிசெய்தாலே பட்டியலின் பெரும்பகுதி மறைந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அசைவை உணரும் கருவியைப் பற்றி இன்னொன்றையும் கவனியுங்கள். சில கதவுகளில் அது எச்சரிக்கையை நிறுத்துவதோடு பூட்டையும் திறந்துவிடும். அதன் பார்வை கதவின் அடி இடைவெளிவரை எட்டினால், வெளியில் நிற்பவர் அந்த இடைவெளி வழியாக எதையாவது உள்ளே தள்ளி அசைத்தே பூட்டைத் திறந்துவிட முடியும். பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. உணரியின் கோணத்தைத் திருத்தி, அடியில் இடைவெளியை மூடும் பட்டையைப் பொருத்தினால் போதும்.

அடுத்ததாக மின்சாரம். மின்காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் திறந்துவிடும். உள்ளே இருப்பவர்களின் உயிர்ப் பாதுகாப்புக்காக அது அப்படித்தான் இருக்க வேண்டும். தீ எச்சரிக்கை வந்தால் வெளியேறும் வழியிலுள்ள பூட்டுகள் உடனே விடுபட வேண்டும் என்பதில் எந்தச் சமரசமும் கூடாது. ஆனால் சாதாரண மின்தடையில் பூட்டைத் தாங்கிப் பிடிப்பது மின்பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி. நடுத்தர அளவுள்ள மின்காந்தப் பூட்டு 12 வோல்ட்டில் ஏறத்தாழ அரை ஆம்பியர் எடுக்கும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று காகிதக் கணக்கில் அதை 14 மணி நேரம் தாங்க வேண்டும். ஈய அமில பேட்டரியின் நல்ல ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். உங்கள் அமைப்புக்கு வயது ஐந்து. அவை ஒருமுறையாவது மாற்றப்பட்டனவா என்று கேளுங்கள். மாற்றப்படவில்லையென்றால், விடுமுறை நாளொன்றில் மின்சாரத்தை நிறுத்தி, கதவுகள் எத்தனை நிமிடம் தாங்குகின்றன என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

படப்பதிவு (மறுமொழி):

கேமராக்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு கேமரா எதற்காக அங்கே இருக்கிறது என்பதை யாரும் எழுதிவைக்காததால்தான், தேவைப்படும் நாளில் அது கைவிடுகிறது. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்குத் தெளிவான அளவுகோல் தந்தது. காட்சியில் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று தெரிய, ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் போதும். நமக்கு முன்பே தெரிந்த ஒருவரை இவர்தான் என்று உணர 125 பிக்சல் வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண 250 பிக்சல் வேண்டும்.

இதை உங்கள் வரவேற்புக் கூடத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 1080 வரிசை கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம் கொண்டது. அது 16 மீட்டர் அகலமுள்ள கூடத்தை முழுவதும் காட்டினால், மீட்டருக்குக் கிடைப்பது 120 பிக்சல்; தெரிந்த முகத்தை உணர்வதற்கே அது சற்றுக் குறைவு. அதே கேமராவை வாசற்கதவின் மேல் குறுக்கிவைத்து 7 மீட்டருக்குள் அடக்கினால், அந்நியரையும் அடையாளம் காண முடியும். கேமரா மாறவில்லை, அது நோக்கும் இடம் மட்டுமே மாறியது. எல்லாக் கேமராக்களுக்கும் முகம் தெரிய வேண்டிய அவசியமில்லை. உள்ளே வரும் ஒவ்வொரு வழியிலும் ஒரு கேமராவாவது முகத்தைத் தெளிவாகப் பிடிக்க வேண்டும். மற்றவை ஆள் எந்தப் பக்கம் போனார் என்று காட்டினால் போதும். கண்ணாடிக் கதவை நோக்கிய கேமராவில் பகல் வெளிச்சம் பின்னணியில் விழுந்து முகம் கருத்துப்போகிறதா என்பதையும், இரவில் அகச்சிவப்பு ஒளி அருகிலுள்ள சுவரில் பட்டுத் தெறித்துப் படத்தை வெளுக்கவைக்கிறதா என்பதையும் அந்தந்த நேரத்தில் திரையில் பாருங்கள். நிறுவிய நாளின் நண்பகலில் எடுத்த மாதிரிப் படத்தை நம்பக் கூடாது.

30 நாள் சேமிப்பு ஏன் கிடைக்கவில்லை என்பது வெறும் பெருக்கல் கணக்கு. நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் கேமரா ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 ஜிகாபைட் நிரப்பும். 48 கேமராக்கள் இடைவிடாமல் பதிவுசெய்தால் 30 நாட்களுக்கு 62 டெராபைட் வேண்டும். உங்கள் பதிவுக் கருவியில் பயன்படுத்தக்கூடிய இடம் எவ்வளவு, ஒவ்வொரு கேமராவும் நொடிக்கு எவ்வளவு அனுப்புகிறது என்ற இரண்டு எண்களை எடுத்து வகுத்துப் பாருங்கள். அதைவிட எளிய சோதனையும் உண்டு: ஒவ்வொரு கேமராவிலும் கிடைக்கும் மிகப் பழைய பதிவின் தேதியை மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள்.

வலைக்காவல் (மறுமொழி):

முந்தைய இருவரும் சொன்னவற்றை ஏற்றுக்கொண்டு, வலையமைப்புப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். முதலில் நேரம். கதவுக் கண்ட்ரோலரும் பதிவுக் கருவியும் அலாரமும் தனித்தனிக் கடிகாரங்களில் ஓடினால், ஒரு நிகழ்வை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவே முடியாது. கார்டு காட்டியவர் ஒருவர், படத்தில் தெரிபவர் வேறொருவர் என்று தோன்றும். குற்றமற்றவர்மீது ஐயம் விழும். வலையமைப்பு வழியே சரியான நேரத்தைத் தரும் ஒரே என்டிபி சர்வரிலிருந்து எல்லாவற்றையும் நேரம் எடுக்கச் செய்யுங்கள். கூடுதல் செலவு ஏதும் இல்லாத இந்த ஒரு மாற்றம், நூறு மணி நேரப் பதிவுக்கும் பொருளைக் கொடுக்கும்.

இரண்டாவது, கேமராக்களும் கணினிகள்தாம். 2016 அக்டோபர் 21 அன்று டின் நிறுவனத்தின், இணையத்தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவைமீது நடந்த தாக்குதலால் பெரிய இணையத்தளங்கள் பலவும் மணிக்கணக்கில் தடைபட்டன. அதில் பங்குகொண்ட மிராய் தீநிரல் கைப்பற்றியிருந்தவற்றுள் கேமராக்களும் படப்பதிவுக் கருவிகளும் பெருமளவில் இருந்தன. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே உள்ள பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் ஏறத்தாழ அறுபதை முயன்றுதான் அது உள்ளே நுழைந்தது. உங்கள் 48 கேமராக்களிலும் கடவுச்சொல் மாற்றப்பட்டதா, அவை அலுவலகக் கணினிகளிலிருந்து பிரித்த தனி வலையமைப்பில் இருக்கின்றனவா, ஒப்பந்ததாரர் தொலைவிலிருந்து நுழைவதற்குத் திறந்துவைத்த வழி இன்னும் திறந்தே இருக்கிறதா என்ற மூன்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, கார்டு. இங்கேதான் உண்மையாகவே பணம் செலவிட வேண்டியிருக்கலாம். 125 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பழைய வகை அருகாமைக் கார்டுகளில் பெரும்பாலானவை தம் எண்ணை எந்த மறைப்பும் இல்லாமல் எந்த ரீடருக்கும் சொல்லிவிடும்; நகலெடுக்கும் கருவி கையளவே இருக்கும். 13.56 மெகாஹெர்ட்ஸ் என்று கேட்டதும் நிம்மதி அடைய வேண்டாம். அந்த அலைவரிசையில் இயங்கும் மைஃபேர் கிளாசிக் கார்டின் கிரிப்டோ-1 மறையாக்கம் 2008ஆம் ஆண்டிலேயே முழுமையாக உடைக்கப்பட்டுவிட்டது. ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்கம் கொண்ட டெஸ்ஃபயர் போன்ற கார்டுகளை, அந்த மறையாக்கத்தை இயக்கியே பயன்படுத்த வேண்டும். கார்டின் வரிசை எண்ணை மட்டும் படிக்குமாறு ரீடரை அமைத்துவிட்டால், விலையுயர்ந்த கார்டு வாங்கியும் பயனில்லை. இந்தத் தவற்றை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ரீடரிலிருந்து கண்ட்ரோலருக்குச் செல்லும் கம்பியையும் மறக்க வேண்டாம். பழைய வீகண்ட் முறையில் செய்தி ஒரு திசையில் மட்டும், மறைப்பின்றிப் போகும். அதன் வழக்கமான 26 பிட் வடிவத்தில் கார்டு எந்த இடத்துக்கு உரியது என்று குறிக்கும் இட எண்ணுக்கு 8 பிட்டும், கார்டு எண்ணுக்கு 16 பிட்டும்தான் உள்ளன. ஆகவே ஓர் இட எண்ணின்கீழ் 65,536 கார்டு எண்களுக்குமேல் இருக்க முடியாது, உலகில் வேறெங்கோ உங்கள் கார்டின் இரட்டை இருக்கவும் கூடும். இதற்கு மாற்றாக வந்த ஓஎஸ்டிபி முறை 2020இல் ஐஇசி 60839-11-5 என்ற பன்னாட்டுத் தரநிலையாக வெளியானது. அது இரு திசைகளிலும் பேசும். ஏஇஎஸ்-128 மறையாக்கத்துடன் பாதுகாப்பான தடமும் அதில் உண்டு. ரீடர் பிடுங்கப்பட்டால் உடனே தெரியும். ஆனால் அந்தப் பாதுகாப்பான தடத்தை இயக்காமலோ, எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றாகத் தொடக்கத்தில் வரும் மறையாக்கச் சாவியை மாற்றாமலோ விட்டுவிடுபவர்கள் உண்டு. புதிதாக வாங்கச் சொல்லும் ஒப்பந்ததாரரிடம் முக அடையாளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு, இந்தப் பாதுகாப்பான தடத்தைப் பற்றிக் கேளுங்கள். கார்டு தொலைந்தால் வேறு கார்டு கொடுக்கலாம்; முகத்தின் தரவு கசிந்துவிட்டால் ஒருவருக்கு வேறு முகம் கொடுக்க முடியாது.

இரவுப்பணி (மறுமொழி):

பதினொரு ஆண்டுகளாகக் கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிகிறேன். எல்லோரும் கருவிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் முன் உட்கார்ந்திருப்பவர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஓர் எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாராவது எழுதித் தந்திருந்தால்தான் அது எச்சரிக்கை. இல்லையென்றால் அது வெறும் சத்தம். நான் முன்பு பணிபுரிந்த ஓர் இடத்தில் அலாரம் ஒலித்தால் திரையில் தோன்றும் செய்தியை ஏற்றுக்கொண்டதாக அழுத்த வேண்டும் என்பது மட்டுமே எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நாங்கள் ஒவ்வொரு இரவும் நூற்றுக்கணக்கான தடவை அழுத்தினோம். ஒருநாள் சரக்கறைக் கதவு உண்மையாகவே உடைக்கப்பட்டபோதும் எங்களில் ஒருவர் அதையே செய்தார். விசாரணையில் அவர்மீதுதான் பழி விழுந்தது. அவர் கவனக்குறைவானவர் அல்லர். அந்தப் பொத்தானை அழுத்துவதுதான் பணி என்று நாங்கள் அவருக்குப் பழக்கியிருந்தோம். அந்த நிகழ்வு இன்றும் என்னை வருத்துகிறது. உங்கள் அலுவலகத்தில் அந்த இரவில் பணியிலிருந்த காவலரை விசாரித்திருந்தால், அவருக்கு என்ன கற்றுக்கொடுக்கப்பட்டது என்பதையும் தயவுசெய்து விசாரியுங்கள்.

இப்போது நான் பணிபுரியும் இடத்தில் ஒவ்வொரு வகை எச்சரிக்கைக்கும் ஒரு பக்கக் குறிப்பு உண்டு: எந்தக் கேமராவைத் திருப்பிப் பார்க்க வேண்டும், எத்தனை நிமிடத்துக்குள் ஆளை அனுப்ப வேண்டும், யாரை எந்த வரிசையில் தொலைபேசியில் அழைக்க வேண்டும், எதை எழுதிவைக்க வேண்டும். கதவு எச்சரிக்கை வந்தவுடன் அந்தக் கதவின் படம் தானாகவே திரையில் விரியுமாறும் அமைத்திருக்கிறார்கள். எங்கள் மென்பொருளில் இந்த வசதி தொடக்கத்திலிருந்தே இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் யாரோ அதை இயக்கினார்கள். உங்கள் மென்பொருளிலும் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். 48 படங்களை ஒரு மனிதர் எட்டு மணி நேரம் விழிப்புடன் பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று. ஒருவர் கார்டைக் காட்டிக் கதவைத் திறக்க, பின்னால் வருபவர் அவரை ஒட்டியே நுழைந்துவிடுவதை எந்த ரீடராலும் தடுக்க முடியாது. கதவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருபவருக்கு வழிவிடுவது மரியாதை என்றே நாம் வளர்ந்திருக்கிறோம். அதனால் பணியாளர்களைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. உயர் பொறுப்பில் இருப்பவர்கள் தாங்களே ஒவ்வொரு முறையும் கார்டைக் காட்டி நுழைவதும், கார்டை மறந்து வந்தால் வரவேற்பில் நின்று தற்காலிக கார்டு வாங்கிச் செல்வதும் தொடங்கினால், சில வாரங்களில் மற்றவர்களும் அதை இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

பணியாளர்நலன் (மறுமொழி):

நான் மனிதவளத் துறையில் இருக்கிறேன். இந்த அமைப்பிலிருந்து பாதுகாப்பைத் தாண்டியும் பயன் பெறலாம். எந்தத் தளத்தில் எந்த நேரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற தொகை, விளக்கு, குளிர்சாதனம், துப்புரவு ஆகியவற்றைத் திட்டமிட உதவும். தீ எச்சரிக்கையின்போது உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை, கூடும் இடத்தில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். நாங்கள் அதே பதிவை வருகைப்பதிவாகவும் பயன்படுத்துகிறோம். தனியாக வருகைக் கருவி வாங்கும் செலவு மிச்சமாகிறது.

கதவுப்பொறியாளர் (மறுமொழி):

கடைசிக் கருத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். தளவாரியான தொகையும் வெளியேற்றப் பட்டியலும் மிகச் சிறந்த பயன்கள். அவற்றை நானும் பரிந்துரைப்பேன். ஆனால் கதவுப் பதிவை ஊதியப் பிடித்தத்தோடு இணைத்த நாளிலிருந்து அதன் உண்மை கெடத் தொடங்கும். பத்து நிமிடம் தாமதமாகும் ஒருவர், நண்பரிடம் கார்டைக் கொடுத்துத் தனக்காகக் காட்டச் சொல்வார். அதன்பிறகு, ஒரு கார்டு உள்ளே இருக்கிறது என்பதற்கும் அந்த மனிதர் உள்ளே இருக்கிறார் என்பதற்கும் தொடர்பு இல்லாமற்போகும். தீ விபத்து நாளில் உங்கள் கைப்பேசியிலுள்ள பட்டியல், உள்ளே இல்லாத ஒருவரைத் தேடித் தீயணைப்பு வீரரைப் புகைக்குள் அனுப்பக்கூடும். மேலும், பாதுகாப்புக்காகத் திரட்டிய தரவை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துவதைத் தனியுரிமைச் சட்டங்கள் பல நாடுகளில் கட்டுப்படுத்துகின்றன. எதற்காகப் பதிவு செய்கிறோம், எத்தனை நாள் வைத்திருக்கிறோம், யார் பார்க்கலாம் என்பதைப் பணியாளர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது, அவர்களுக்கு நாம் தர வேண்டிய குறைந்தபட்ச மரியாதையும் ஆகும்.

வெளியேற்றப் பட்டியலும் வெளியேறும்போது கார்டு காட்டும் கதவுகள் இருந்தால்தான் சரியாக இருக்கும். உள்ளே வரும்போது மட்டும் கார்டு கேட்கும் கட்டடத்தில், மாலையில் வீட்டுக்குப் போனவரும் உள்ளே இருப்பவராகவே காட்டப்படுவார். ஆகவே அந்தப் பட்டியலை மட்டும் நம்பி ஆள் கணக்கெடுக்க வேண்டாம்.

நிர்வாகப்பணி (ஆறு வாரங்கள் கழித்து):

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்து பார்த்தேன். கிடைத்தவற்றைப் பிறருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

பக்கவாட்டுக் கதவின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். வெளியேறுவோரை உணரும் கருவி, கதவுக்கு மாறாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. உட்கூரைப் பணியின்போது யாரோ கழற்றி மீண்டும் மாட்டியிருக்கிறார்கள். அதைத் திருப்பி, அவகாசத்தை எட்டு நொடிகளாக்கினோம். வேறு இரண்டு கதவுகளில் குளோசரை மாற்றினோம். வாரத்துக்கு நானூறுக்கு மேல் வந்துகொண்டிருந்த எச்சரிக்கை, சென்ற வாரம் ஒன்பதாகக் குறைந்தது. அந்த ஒன்பதையும் காவலர்கள் நேரில் சென்று பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று, பொருள் ஏற்றுவோர் கதவில் அட்டைத் துண்டைச் செருகித் திறந்துவைத்திருந்தது.

சேமிப்புக் கணக்கும் தெளிவாகிவிட்டது. பதிவுக் கருவியில் பயன்படுத்தக்கூடிய இடம் 32 டெராபைட். தொடக்கத்தில் கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று அமைத்திருந்ததால் 30 நாட்கள் கிடைத்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு படம் தெளிவாக இல்லை என்று ஒருவர் குறைகூற, எல்லாக் கேமராக்களையும் 4 மெகாபிட்டுக்கு உயர்த்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கிடைத்தது 15 நாட்கள் மட்டுமே. எங்கள் இழப்பு 19ஆவது நாளில் தெரிந்தது. இப்போது வாசல்களில் உள்ள 11 கேமராக்களுக்கு மட்டும் 4 மெகாபிட்டை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் குறைத்து, இரவில் அசைவு இருந்தால் மட்டும் பதியுமாறு மாற்றியிருக்கிறோம். பதிவுக் கருவியின் கடிகாரம் கதவுக் கண்ட்ரோலரைவிட ஏழு நிமிடம் பின்தங்கியிருந்ததும் தெரியவந்தது.

எனக்கு மிகுந்த அதிர்ச்சி தந்தது கார்டுப் பட்டியல். முந்நூறு பேர் பணிபுரியும் இடத்தில் 541 கார்டுகள் செயலில் இருந்தன. விலகிச் சென்றவர்கள், முடிந்துபோன ஒப்பந்தப் பணியாளர்கள், பெயரே இல்லாமல் விருந்தினர் என்று மட்டும் குறிக்கப்பட்டவை என்று பலவும் இருந்தன. எல்லாக் கதவுகளையும் திறக்கும் உரிமை 64 பேருக்கு இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. இப்போது அந்த எண்ணிக்கை ஏழு. மனிதவளத் துறையின் விலகல் படிவத்தில் கார்டை நிறுத்துவதற்கான கையொப்பத்தைச் சேர்த்துவிட்டோம். ஒவ்வொரு காலாண்டிலும் துறைத்தலைவர்கள் தத்தம் பட்டியலைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

இரவுப்பணி அவர்கள் எழுதியதைப் படித்த மறுநாள், அன்றிரவு பணியிலிருந்த காவலரை அழைத்துப் பேசினேன். அவருக்கு எந்த வழிகாட்டுக் குறிப்பும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அவர்மீது எடுக்கவிருந்த நடவடிக்கையைக் கைவிடுமாறு எழுதி, அது ஏற்கப்பட்டது.

பேட்டரிகள் ஐந்து ஆண்டுகளாக மாற்றப்படவே இல்லை. சோதனையில் நான்கு கதவுகள் பதினைந்து நிமிடத்துக்குள் விடுபட்டன. அனைத்தையும் மாற்றிவிட்டோம். எங்களிடம் இருப்பவை 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகள் என்பதால், முழு அமைப்பையும் மாற்றுவதற்குப் பதிலாகக் கார்டுகளையும் ரீடர்களையும் மட்டும் மாற்ற மேலாண்மைக் குழு ஒப்புக்கொண்டுள்ளது. அந்தப் பணிக்கான ஒப்பந்தத்தில் நான் மறக்காமல் எழுத வேண்டியவை எவை?

வலைக்காவல் (மறுமொழி):

முதலில், தற்போதுள்ள கண்ட்ரோலர்கள் ஓஎஸ்டிபி முறையை ஏற்கின்றனவா என்று எழுத்தில் உறுதி பெறுங்கள். ஏற்றால் பாதுகாப்பான தடத்தை இயக்கி, சாவியை மாற்றி, அதை உங்கள் முன்னிலையில் செய்துகாட்ட வேண்டும் என்று எழுதுங்கள். கார்டின் மறையாக்கச் சாவி உங்கள் நிறுவனத்துக்கே உரியதாக இருக்க வேண்டும். அது ஒப்பந்ததாரரிடம் மட்டும் இருந்தால், அடுத்த ஆண்டு வேறொருவரிடம் கார்டு வாங்க முடியாது. பழைய கார்டையும் புதியதையும் படிக்கும் ரீடர்களை மாற்றக் காலத்துக்குப் பயன்படுத்துவது வசதிதான். ஆனால் பழைய கார்டைப் படிப்பது எந்தத் தேதியில் நிறுத்தப்படும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும், இல்லையேல் அது ஒருபோதும் நிறுத்தப்படாது.

கதவுப்பொறியாளர் (மறுமொழி):

அத்துடன், பணி முடிந்ததும் 22 கதவுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பந்ததாரரோடு சேர்ந்து நடந்து சோதியுங்கள்: செல்லுபடியாகும் கார்டு, நிறுத்தப்பட்ட கார்டு, உள்ளிருந்து வெளியேறுதல், கதவைப் பிடித்துவைத்தல், கார்டு இன்றித் திறத்தல், தீ எச்சரிக்கையில் விடுபடுதல். ஒவ்வொன்றும் கட்டுப்பாட்டு அறைத் திரையில் சரியான பெயருடனும் சரியான நேரத்துடனும் தோன்றியதை இரவுப் பணிக் காவலர் ஒருவரே பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அந்தத் தாள் கைக்கு வந்தபிறகே இறுதித் தவணையைக் கொடுங்கள்.